பனியில் நின்ற ஏழாம் நம்பர்

அந்த மாடிக் குடியிருப்பில் அவளுக்கு ‘ஸ்ப்ரே அக்கா’ என்றுதான் பெயர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம் பால்கனியில், ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் கார்களுக்கும் கப்பல்களுக்கும் பெயின்ட் அடிப்பாள். ஸ்ப்ரே டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தெடுத்து, உள்ளே குண்டு கலகலக்கக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பொம்மைக்கு முன்னால் தொடங்கி அதைத் தாண்டி முடிப்பாள். நிறம் புகையாக இறங்கும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவள் காதில் விழாது, எங்கேயோ மிதந்துகொண்டிருப்பாள்.

“மழை நேரத்துல மட்டும் அடிக்கவே கூடாது. ஈரம் பட்டா வெள்ளையா பூத்துடும்” என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் வாய் ஓயாமல் சொன்னவளும் அவள்தான்.

அன்று மழை. அவள் கணவருக்கு வேலையில் கடைசி நாளும் அன்றுதான். இருபத்தாறு வருஷம் ஏழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டிய மனுஷர். ஆறு மணிக்கு வீடு திரும்பும்போது அதே நீலப் பஸ்ஸைப் பொம்மையாக அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று மூன்று மாதமாக ஒளித்து ஒளித்துச் செய்திருந்தாள். மேலே பளபளப்புப் பூச்சு ஒன்றுதான் பாக்கி. மழையோ விடுகிற வழியாக இல்லை. மனசு கேட்காமல் அடித்துவிட்டாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரை, ஜன்னல், முன்கண்ணாடி எல்லாம் வெள்ளையாகப் பூத்தன. “எனக்கு ஏன் இந்த அவசரம்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

அவர் நனைந்த சட்டையோடு பெட்டி முன்னால் குந்தினார்.

“பாக்காதீங்க. கெட்டுப்போச்சு. உரிச்சுட்டு வேற அடிச்சுத் தர்றேன்.”

அவர் வெகுநேரம் பார்த்தார். “காலைல அஞ்சு மணி டிரிப் இது” என்றார். “பனியில வண்டி இப்படியேதான் நிக்கும். நீ எப்போ வந்து பாத்தே?”

சொல்லிக்கொண்டே, பழகிய கை சும்மா இருக்குமா, கட்டைவிரலால் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டார்.

“ஐயோ, இன்னும் காயலைங்க!”

அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். டிரைவர் சீட்டுக்கு நேரே, விரல் பட்ட இடம் மட்டும் தெளிந்திருந்தது. காயாத பெயின்டை யார் தொட்டாலும் சண்டைக்குப் போகிறவள், இன்று குனிந்து அந்த இடைவெளி வழியாகப் பார்த்தாள். உள்ளே சீட் காலியாக இருந்தது. பெயின்ட் ஒட்டிய அவர் கட்டைவிரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.