முப்பத்தேழு பேர் போட்ட கார்டு

அந்த கேசட்ல இன்னும் எங்க வீட்டு குக்கர் விசில் கேக்கும்...

ரேடியோல ஜெரோம் பேட்டி. டேப் ரெக்கார்டரை ஸ்பீக்கர் பக்கத்துல ஒட்டி வச்சு பதிவு பண்ணேன். "எனக்கு மேடைன்னா..."ன்னு அவர் ஆரம்பிக்கவும் அம்மா வச்ச குக்கர் மூணு விசில் விட்டுது. மேடைன்னா அவருக்கு என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

யாரு ஜெரோம்னு கேப்பீங்க. அப்பவும் எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. தொண்ணூறுகளோட கடைசில மெட்ராஸ்ல தமிழ்ல ராக் பாடின ஆளு. நீள முடி, கிடார், மே மாச வெயில்லயும் லெதர் ஜாக்கெட். பகல்ல இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கிளார்க். எங்க செங்கல்பட்டு காலேஜ்ல அவருக்கு ரசிகர்கள் மொத்தம் ரெண்டு பேரு... நான், அப்புறம் கல்பாக்கம் டவுன்ஷிப்ல இருந்து பஸ்ல வர்ற கலா.

ஒரு நோட்டு வச்சிருந்தோம். எந்த டிவில எப்ப வந்தாரு, என்ன கலர் சட்டை, எந்தக் கேள்விக்கு முடிய ஒதுக்கினாரு, எல்லாம் அதுல இருக்கும். அந்த அக்கறைல பாதி பாடத்துல காட்டியிருந்தா எங்க ரேஞ்சே வேற.

அப்ப கேபிள்ல ஞாயித்துக்கிழமை காலைல ஒரு ப்ரோக்ராம். எந்தப் பாட்டுக்கு நெறைய போஸ்ட் கார்டு வருதோ அதைப் போடுவாங்க. எங்க ரெண்டு கார்டை நம்பி ஜெரோம் பாட்டை யாரு போடுவா?

எங்க வீட்ல பழைய கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு கெடந்துது. அதுல "தங்கள் நல்வரவை விரும்பும்"னு போட்டு கீழ வரிசையா பேரு இருக்கும்ல... அதையெல்லாம் உருவிட்டோம். திருக்கழுக்குன்றம் பரிமளா, கேளம்பாக்கம் தசரதன், இப்படி முப்பத்தஞ்சு பேரு, எங்க ரெண்டு பேரையும் சேத்து முப்பத்தேழு. கொஞ்சம் இடது கையால, கொஞ்சம் பச்சை இங்க்ல, மீதிய கோணலா எழுதினோம். எங்க போஸ்ட்மேன் அப்பாவுக்கு சிநேகிதர். அதனால மொத்தத்தையும் கலாதான் கொண்டு போய் கல்பாக்கத்துல போடுவா. வாராவாரம்.

பாட்டு வந்துது. ஏழு வாரம் விடாம வந்துது.

எட்டாவது வாரம் பாட்டுக்குப் பதிலா ஜெரோமே வந்து உக்காந்திருந்தாரு. கையில கார்டு கட்டு.

"செங்கல்பட்டு பக்கம் மட்டும் எனக்கு முப்பத்தேழு பேர் எழுதறாங்க. வர்ற ஞாயிறு காலைல பத்து மணிக்கு மகாபலிபுரம் பீச்சுக்கு வரேன். ஒருத்தர் விடாம நேர்ல பாக்கணும்."

வாயில வச்ச இட்லிய முழுங்க முடியல எனக்கு. பக்கத்து வூட்டு போனுக்கு கலா கூப்ட்டா.

"பாத்தியாடி?"

"பாத்தேன்."

"இப்போ இன்னாடி பண்றது? முப்பத்தஞ்சு பேருக்கு எங்கடி போறது?"

க்ளாஸ்ல கெஞ்சிப் பாத்தோம். "அந்தக் கத்துற ஆளுக்காடி பஸ் ஏறணும்?"னு சிரிச்சுட்டாளுங்க. கடைசில நாங்க ரெண்டு பேருதான் போனோம்.

கார்ல, கூட்டத்தோட வருவாருன்னு நெனச்சோம். சவுக்குத் தோப்பு ஓரமா தனியா நின்னுகினு இருந்தாரு. பஸ்ல வந்திருக்காரு. ஒரு கிடார், ஒரு துணிப்பை. ஜெரோம்னு கூப்பிடணும்னு ஒரு வாரமா ஒத்திகை பாத்தது வீணு, வாயில 'சார்'னுதான் வந்துது.

"மத்தவங்கல்லாம் எங்கமா?"

"வந்துகினு இருக்காங்க சார்." கலா கூசாம சொன்னா.

பதினோரு மணி வரைக்கும் காத்திருந்தாரு. அப்புறம் பேச்சுவாக்குல சொன்னாரு...

"போன வாரம் வேலையை விட்டுட்டேன்மா. வூட்ல பெரிய சண்டை. உங்க ஊரு கார்டைப் பாத்துதான் தைரியம் வந்துது."

ஒரு மனுஷன் வேலையை விட்டிருக்காரு... நாங்க விளையாட்டா எழுதினதை நம்பி.

பையைத் தொறந்தாரு. உள்ள முப்பத்தேழு கேசட். ஒவ்வொண்ணுலயும் அவர் கையெழுத்துல ஒரு பேரு. எடுத்து ஒவ்வொண்ணா படிக்க ஆரம்பிச்சாரு.

"பரிமளா?"

"அம்மை போட்டிருக்கு சார்." என் வாய்தான் சொல்லுது, எனக்கே தெரியல.

"தசரதன்?"

"மிலிட்டரில சேந்துட்டாரு சார்."

பத்து பேருக்கு மேல சாக்கு கெடைக்கல. பையில இருந்து கார்டு கட்டை எடுத்து ரெண்டு மூணைத் திருப்பிப் பாத்தாரு. எங்களைப் பாத்தாரு. திரும்பவும் கார்டைப் பாத்தாரு. கிடாரை எடுத்து, ஆல்பத்துல இருந்த எட்டுப் பாட்டையும் பாடினாரு. போறப்ப பையை எங்க கையில குடுத்து, "அவங்ககிட்ட சேத்துடுங்க"ன்னாரு.

பஸ்ல கலா அழுதா. நான் அழக்கூட இல்ல, அவ்ளோ பயம். அதுக்கப்புறம் நாங்க ஒரு கார்டு கூட போடல. அவரும் டிவில வரல. நோட்டுல கடைசிப் பக்கம் அந்த ஞாயித்துக்கிழமைதான்.

இப்பல்லாம் லைக்கே விலைக்குக் கெடைக்குதாம். என் பையன் சொல்றான், ஆயிரக்கணக்குல பொய்ப் பேரு இருக்கும்மான்னு, எனக்குப் புதுசா சொல்லித் தர்ற மாதிரி. நாங்க அதைக் கை வலிக்க வலிக்க எழுதினவங்கடான்னு அவன்கிட்ட எப்படி சொல்றது?

போன மாசம் ஜெரோம் பேஜ் தற்செயலா கண்ணுல பட்டுது. முடியெல்லாம் கொட்டி, பசங்களுக்கு கிடார் சொல்லிக் குடுக்கறாரு. ஃபாலோ பண்றவங்க ரொம்பக் கொஞ்சம். என் சொந்தப் பேர்ல, ஒரே ஒரு தடவை ஃபாலோ அமுக்கினேன். அப்புறம் நடந்ததையெல்லாம் ஒண்ணு விடாம மெசேஜ்ல எழுதி மன்னிப்பு கேட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துது.

"பரிமளாவுக்கு அம்மை இறங்கிடுச்சாம்மா?"

கீழ இன்னொண்ணு.

"முப்பத்தேழு கார்டுலயும் கல்பாக்கம் போஸ்ட் ஆபீஸ் முத்திரைதான். அதை பீச்சுல வச்சுதான் கவனிச்சேன். ரெண்டு பேருதான்னு தெரிஞ்சேதான்மா பாடினேன்."

அந்த முப்பத்தேழு கேசட்டும் பரண்ல அப்படியே இருக்கு. நேத்து இறக்கி தூசி தட்டினேன். என் பேரு போட்டது எதுன்னு தேட ரொம்ப நேரம் ஆச்சு.