லாரி விளையாட்டுக்குப் பொருத்தம் கேட்டது

குலுக்கலில் எங்கள் இருவர் பெயரும் விழுந்து, ஹஜ்ஜுக்குப் போவது உறுதியான அன்று என் மனைவி அழுதாள். நானும் அழுதேன். அல்லாஹ் கூப்பிடாமல் யாரும் அங்கே போக முடியாது. எங்களைக் கூப்பிட்டுவிட்டான் என்ற சந்தோஷம் அது.

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் முதலில் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்க வேண்டும். "ஏதும் குத்தம் குறை செஞ்சிருந்தா பொருந்திக்குங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த குறையை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அதில் அல்லாஹ்கூடக் குறுக்கே வரமாட்டான் என்று பள்ளிவாசல் ஹஜரத் ஹஜ் வகுப்பில் சொன்னார். அன்று மாலையே நான் ஒரு தாளை எடுத்து, போக வேண்டிய வீடுகளை எழுத உட்கார்ந்தேன். சொந்தம், அக்கம்பக்கம், ஒரு வேலிச் சண்டை, கடையில் நான் சிடுசிடுத்த ஒரு அம்மா என்று பக்கம் நிறைந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகள் எட்டிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்:

"வாப்பா, அந்த லாரி கேமும் திருட்டுத்தானே. அவங்க பேரையும் எழுதிக்குங்க."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பதினெட்டு வருஷம் குவைத்தில் டிரெய்லர் லாரி ஓட்டினேன். இடுப்பு போனதும் ஊருக்கு வந்து ஒரு சிறிய அத்தர் கடை வைத்தேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டுத் தட்டை ஸ்டியரிங் போலத் திருப்புகிறேன் என்று மனைவி சொல்வாள். இதைப் பார்த்து மகள்தான் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓட்டுகிற மாதிரி லாரி விளையாட்டு உண்டு என்றாள். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு செல்போன் கடைக்காரர் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து மாலையில் அசர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் நடுவில் நான் ஐரோப்பாவில் இருப்பேன். பனியில் ஓட்டுவேன், மலைப்பாதையில் ஓட்டுவேன். பாங்கு கேட்டால் லாரியை ஓரம் கட்டி, இன்டிகேட்டர் போட்டுவிட்டுத்தான் தொழ எழுந்திருப்பேன். அப்படியே நிறுத்த ஒரு பட்டன் இருக்கிறது என்று மகள் பலமுறை சொல்லியிருக்கிறாள். நடுரோட்டில் வண்டியை விட்டுவிட்டுப் போக என் மனம் கேட்காது.

"பதினெட்டு வருஷம் ஓட்டிட்டு இடுப்பு வலின்னு வந்தீங்க. இப்ப அதே இடுப்ப வச்சுக்கிட்டுச் சும்மா ஓட்டுறீங்க. சம்பளமாவது அனுப்புறானா?" என்பாள் மனைவி.

அந்த விளையாட்டைத்தான் மகள் திருட்டு என்றாள். நான் பதறிப்போய், ஐம்பது ரூபாய் கொடுத்தேனே என்றேன். அது கடைக்காரருக்குப் போன காசு, அதை உருவாக்கியவர்களுக்கு ஒரு பைசாகூடப் போகவில்லை, அதன் உண்மையான விலை இரண்டாயிரத்துச் சொச்சம் என்று அவள் விளக்கினாள். இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏன் இன்டர்நெட் கொடுக்கக்கூடாது என்று கடைக்காரர் சொன்னார் தெரியுமா, கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதான் என்றாள். சூடாகிவிடும் என்று அவர் சொன்னதை நான் நம்பியிருந்தேன். ஒரு வருஷம் அதற்கு டேபிள் ஃபேன் வேறு வைத்தேன்.

மறுநாள் ஹஜரத்திடம் போனேன். அவருக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் என்னவென்று தெரியாது. முதலில் லாரி யாருடையது என்று கேட்டார். லாரியே இல்லை என்றேன். லோடு உண்டா? உண்டு, ஆனால் அதுவும் இல்லை. பிறகு, செய்தவன் உழைப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் மூன்று காரியம் செய்யுங்கள் என்றார். எடுத்ததை அழியுங்கள், விலையைக் கொடுங்கள், அவர்களிடம் பொருத்தம் கேளுங்கள். எழுந்து வரும்போது, வேறு யாருக்கும் கொடுத்தீர்களா என்று கேட்டார். நற்காரியம் செய்துவிட்டு மவுத்தாகி மண்ணுக்குள் போனாலும் அதன் நன்மை வந்துகொண்டே இருக்கும் அல்லவா, பாவத்துக்கும் அப்படி ஒரு வழி உண்டு என்றார்.

கொடுத்திருந்தேன். கருக்களாச்சேரியில் ஒருவருக்கு. குவைத்தில் ஐந்து வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்தவர், கிரேன் ஓட்டினவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இப்போது சொந்த விசைப்படகு வைத்திருக்கிறார். போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிவிட்டுப் பொழுது போகவில்லை என்றார். கடல் கடந்து சபர் போய் வந்தவன் கைவீசிக்கொண்டு யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஊருக்கு வந்து எத்தனை வருஷமானாலும் அந்தப் பழக்கம் விடாது. ஒரு பென்டிரைவில் போட்டு, அத்தர் பாட்டிலோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

இந்த வருஷமும் தடைக்காலம்தான். நான் போனபோது அவர் வலை பின்னும் பந்தலில் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் தன் மகளின் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்திருந்தார். பின்னால் நாலைந்து பேர் நின்று, இடது பக்கம் ஒடிச்சுத் திருப்பு, வலது பக்கம் ஒடி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க பாய். உங்க லாரி இப்ப நம்ம ஊரு பூரா ஓடுது" என்றார்.

ஒரு பென்டிரைவ் எத்தனை வீட்டுக்குப் போய் வந்திருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. மண்டபத்தூருக்குக்கூடப் போயிருக்கிறதாம், அங்கே அவருக்குச் சம்பந்தி வீடு.

விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் விலையைக் கேட்டார், சொன்னேன். அடுத்த மாதம் தள்ளுபடி வரும், ஐந்நூறுக்குக் கிடைக்கும் என்று மகள் சொன்னதையும் உளறிவிட்டேன். அவர் பிடித்துக்கொண்டார். மீன் காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் ஒரு விலை, அது அழுகுகிற சாமான். கம்ப்யூட்டரில் இருப்பது அழுகுமா? அழுகாததை ஐந்நூறுக்குக் கொடுக்க முடிகிறவன் ஏன் இரண்டாயிரம் சொல்கிறான்? அவன் சரியான விலை சொன்னால் நாம் ஏன் திருடப் போகிறோம்?

"மீன்னா ஒருத்தன் எடுத்தா இன்னொருத்தனுக்கு இல்ல பாய். இது அப்படியா? நான் எடுத்தப்புறமும் அவன் சாமான் அவங்கிட்ட முழுசா இருக்கு. என்ன கொறஞ்சுபோச்சு அவனுக்கு?"

அப்போதுதான் எனக்கு அவருடைய மைத்துனர் ஞாபகம் வந்தது.

கடலுக்குள் மீன் கூடுகிற பாறைப் பார் எங்கே, மூழ்கிக் கிடக்கிற பழைய படகு எங்கே என்பதைப் படகுக்காரர்கள் ஜிபிஎஸ் மெஷினில் குறித்து வைப்பார்கள். பாயிண்ட் என்பார்கள். வீட்டில் நகை எங்கே இருக்கிறது என்று பெண்டாட்டிக்குச் சொல்வார்கள், பாயிண்டைச் சொல்லமாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒத்தாசைக்குப் படகில் ஏறின மனைவியின் தம்பி இவருடைய பாயிண்ட் அத்தனையையும் தன் மெஷினுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் இவர் என் கடைக்கு வந்து அதையே சொல்லிச் சொல்லிக் குமுறினார்.

"அண்ணே, உங்க மச்சான் பாயிண்ட்ட எடுத்துக்கிட்டுப் போனாரே, உங்க மெஷின்ல எதுவும் கொறஞ்சுதா? எல்லாம் அப்படியேதானே இருந்துச்சு?" என்றேன்.

பின்னால் நின்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒருவர் மெதுவாக வலைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

"அது வேற பாய்."

"எப்படி வேற?"

"ஒவ்வொரு பாயிண்ட்டும் எத்தன வலை கிழிஞ்சு நான் கண்டது தெரியுமா" என்றார். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். லாரி ஓடிக்கொண்டே இருந்தது, போய் ஒரு பாலத்தில் முட்டியது. அவர் கவனிக்கவில்லை.

அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். என் கவலை என்னைக் கேட்க வைத்தது. மச்சானைப் பொருந்திக்கொண்டீர்களா என்று கேட்டேன்.

"அவனயா? அவன் வீட்டுக் கல்யாணத்துக்கே நான் போவல."

சொந்த மைத்துனரையே ஒரு மனிதர் இரண்டு வருஷமாக மன்னிக்கவில்லை. பனி பெய்கிற ஊரில், முகம் தெரியாத யாரோ என்னை எதற்கு மன்னிக்க வேண்டும்? நான் கஅபாவைப் பிடித்து அழுதாலும் அவர்களிடம்தானே சாவி இருக்கிறது?

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். பந்தல் வாசல்வரை கூடவே வந்தார். "நம்ம ஊருல அழிக்கிறது என் பொறுப்பு. நீங்க கவலப்படாம போயிட்டு வாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு லோடு மட்டும் ஏத்தியிருக்கேன் பாய், பாதித் தூரம் வந்துட்டேன். அத எறக்கிட்டு அழிச்சிடுறேன்" என்றார்.

இதற்கு ஹஜரத்திடம் கேட்கத் துணிவில்லாமல் நானே சரி என்றுவிட்டேன்.

அடுத்தது விலை. தள்ளுபடிவரை காத்திருக்க மகள் கெஞ்சினாள். தள்ளுபடி வருவதற்குள் நாங்கள் விமானம் ஏறிவிடுவோம், அதோடு முழு விலைச் சாமானை எடுத்துவிட்டுத் தள்ளுபடியில் பாவம் கழிப்பது எந்த ஊர் நியாயம் என்றேன். எடுத்த அன்று என்ன விலையோ அதுதான் விலை என்று ஹஜரத்தும் சொல்லிவிட்டார். மகள் தன் போனிலிருந்து பணம் கட்டினாள். பழையதை என் கையாலேயே அழித்தேன். நல்லதைத் தொடங்கும் பிஸ்மியைச் சொல்லி அழிப்பதா, மன்னிப்புக் கேட்கும் அஸ்தஃபிருல்லாவைச் சொல்லி அழிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சொன்னேன். பிறகு காசு கொடுத்த விளையாட்டை இறக்கினோம். ஒரு பகல் முழுக்க இறங்கியது.

ஓடவில்லை.

எங்கள் கம்ப்யூட்டர் இதற்குப் போதாதாம். கடைக்காரர் கொடுத்தது பழைய சரக்கு, அதனால்தான் ஓடியது என்றாள் மகள். மனைவி அடுப்படியிலிருந்து வந்து இருண்ட திரையைப் பார்த்தாள்.

"காசு குடுக்காதப்ப ஜெர்மனி வரைக்கும் போச்சு. காசு குடுத்ததும் வாசலத் தாண்டமாட்டேங்குது" என்றாள்.

ஓடாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், கொடுத்துவிடுவார்கள் என்று மகள் சொன்னாள். பொருத்தத்துக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டால் நான் மறுபடியும் முதலிலிருந்து பொருத்தம் கேட்க வேண்டும் என்றேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அன்றே கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். நான் இன்ன ஊர்க்காரன், டிரைவர், தெரியாமல் எடுத்துவிட்டேன், விலையைக் கட்டிவிட்டேன், என்னால் மற்றவர்களுக்கும் போயிற்று, அல்லாஹ்வுக்காக என்னைப் பொருந்திக்கொள்ளுங்கள், இன்ன தேதியில் புறப்படுகிறேன் என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். மகள் இங்கிலீஷில் ஆக்கி அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. நான் கை கால் முகம் கழுவி ஒளூ செய்துவிட்டு வந்து உட்கார்ந்து, படி என்றேன். உங்கள் கடிதம் கிடைத்தது, எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று இருந்தது.

இது பொருத்தமா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. மெஷின் தானாக அனுப்புகிற பதில் வாப்பா, மனுஷர் யாரும் படித்திருக்கமாட்டார்கள் என்றாள் மகள். ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிடச் சொன்னேன். புறப்படும் நாள்வரை வேறு பதில் வரவில்லை.

புறப்படுமுன் ஹஜரத் என்னைக் கட்டிப்பிடித்து, உங்களால் ஆனதைச் செய்துவிட்டீர்கள், இனி அவர்களுக்காகக் கையேந்தி துஆ செய்யுங்கள், அல்லாஹ் அவர்கள் மனதில் இரக்கத்தைப் போடுவான் என்றார். யாருக்கென்று துஆ செய்வது? பெயர் வேண்டாமா? மகள் தன் கல்லூரி லேப்டாப்பில் அந்த விளையாட்டை ஏற்றிப் பார்த்தாள். லாரி நத்தை மாதிரி இழுத்தது. ஆனால் அதைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. படம் வரைந்தவர், சாலை போட்டவர், எஞ்சின் சத்தம் பிடித்தவர் என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு பெண் மழைக்கு மட்டும் பொறுப்பு. நான் எத்தனை நாள் அந்த மழையில் வைப்பர் போட்டு ஓட்டியிருக்கிறேன். மகள் எல்லாப் பெயரையும் தமிழில் எழுதிக் கொடுத்தாள். நாலு பக்கம் வந்தது.

மக்காவை அடுத்த அரஃபா மைதானத்தில், கூடாரத்துக்குள் நான் அந்தத் தாளைப் பிரித்தேன். துஆ ஒப்புக்கொள்ளப்படுகிற நாள் அது, சூரியன் அடையும்வரைதான் நேரம். என் குடும்பம், ஊர், மவுத்தானவர்கள் எல்லோருக்கும் கேட்டுவிட்டு, ஒவ்வொரு பெயராகப் படிக்க ஆரம்பித்தேன். வாயில் நுழையாத பெயர்கள். ஒன்றைச் சரியாகச் சொல்ல மூன்று தடவை ஆனது. நடுவில், கருக்களாச்சேரி நண்பரும் அவர் மைத்துனரும் ஒன்று சேரவும் ஒரு துஆ செருகினேன்.

பக்கத்துப் படுக்கை திருச்சிக்காரர். என்னைவிட இளையவர். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இவர்கள் யார், மருமகன் வழிச் சொந்தமா என்று கேட்டார். நான் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மொபைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாய், அப்ப சினிமாப் படத்துக்கும் இப்படித்தானா? நான் தியேட்டருக்குப் போயி ரொம்ப வருஷம் ஆவுது. எல்லாம் இதுலதான் பாத்தேன். கடைசியில பேரு வரிசையா ஏறுமே, அவ்வளவு பேருகிட்டயும் கேக்கணுமா?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். வெயில் கூடாரத்தின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. எனக்கு இன்னும் ஒன்றரைப் பக்கம் பாக்கி இருந்தது.