மங்கை அக்கா செய்யாத தவறு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வேங்கிக்காலில் நான் இப்போது வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், ஒரு பெரியவரின் கையில் ரப்பர் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் அடித்தபோது எடுத்தேன். பழக்கமில்லாத ஒரு பெண்ணின் குரல்.

"மங்கையர்க்கரசியோட தம்பி பொண்ணு பேசறேங்க. அத்தை நேத்து தவறிட்டாங்க. அவங்க டைரியில மூணு நம்பர்தான் இருந்துச்சு. ஒண்ணு எங்கப்பா. ஒண்ணு கேஸ் சிலிண்டர் போடறவர். மூணாவது நீங்க."

பெரியவர் கையை நீட்டியபடியே காத்திருந்தார். அவருக்கு ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் ஒட்டிவிட்டு, பிறகுதான் உட்கார்ந்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த எங்கள் பழைய லேபை நினைவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே அறிக்கைகளைத் தட்டச்சு செய்த மங்கை அக்காவைப் பற்றி உங்களுக்கு இரண்டு செய்திகள் தெரிந்திருக்கும். ஒன்று, அவருடைய வேகம். இன்னொன்று, ஒரு பெண்ணின் அறிக்கையை அவர் தப்பாக அடித்துவிட்டார் என்பது. இரண்டாவது செய்தி உண்மையல்ல. அதைச் சொல்ல எனக்குப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு, லேபில் முதல் கம்ப்யூட்டர் வாங்கியபோது அவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். நான் எட்டு வயது இளையவன். சேர்ந்த முதல் வாரமே, நான் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"சேகர், இது ஒண்ணா, ஏழா?"

ஒன்று என்றேன், எரிச்சலோடு. அன்று மட்டும் நான்கு முறை வந்திருந்தார்.

"கோச்சுக்காதீங்க. யாரோ இதை நம்பி மாத்திரை முழுங்கப் போறாங்க. கேட்டுக்கறதுல என்ன வெக்கம்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு என் ஒன்றும் ஏழும் தெளிவாகிவிட்டன.

மதியம் நாங்கள் நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் மட்டும் கம்ப்யூட்டர் மேசையிலேயே டப்பாவைத் திறந்துகொள்வார். திருமணம் செய்துகொள்ளாதவர். வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தார். "எங்களோட உக்காந்தா என்னக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன். "உங்களோட ரெண்டு நாள் சாப்பிட்டா ஞாயித்துக்கிழமை கஷ்டமா இருக்கும்" என்றார். விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு சவூதியில் ஒரு மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். லேபில் யாருக்கும் தெரியாது. செங்கம் சாலையில் ஒரு கடையில் என் பயோடேட்டாவை அடித்து ஒரு ஃப்ளாப்பியில் வாங்கிவந்தேன். அங்கே பிரிண்டர் வேலை செய்யவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மங்கை அக்காவிடம் நீட்டினேன். "டாக்டருக்குத் தெரிய வேணாம்கா." அவர் ஒன்றும் கேட்காமல் கம்ப்யூட்டரில் போட்டார். திரையைப் பார்த்ததும் சிரித்தார். "உங்கப்பா பேரைக் கொண்டுபோய் படிப்புக்குப் பக்கத்துல போட்டிருக்காங்க பாருங்க." அதைச் சரிசெய்து இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கடைக்காரர் தப்பு எதுவும் செய்திருக்கவில்லை. அது அப்போது எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

இரண்டு வாரம் போயிருக்கும். டாக்டரின் கையெழுத்துக்காக அடுக்கி வைத்திருந்த தாள்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு அக்கா என்னிடம் வந்தார். சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கை. ‘இல்லை’ என்பதற்கான ஆங்கிலச் சொல் இருக்க வேண்டிய வரியில் இல்லை. தாளின் அடியில், லேபின் முகவரிக்கு நடுவே கிடந்தது. "நான் இப்படி அடிக்கவே மாட்டேன், சேகர்" என்றார்.

காலையில் அடித்துத் திரையில் சரிபார்த்து வைப்பார். மாலையில் மறுபடி திறந்து அச்செடுப்பார். அச்சான தாள்களில் டாக்டர் மொத்தமாகக் கையெழுத்துப் போட, கவுண்டரில் உறைக்குள் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அன்று அவர் ஒரே பக்கத்தை இருபது முறை மூடித் திறந்தார். நான்கு முறை ஏதோ ஒரு சொல் இடம் மாறியிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டார்.

"இது என் கை இல்லீங்க சார். நான் கையை எடுத்த அப்புறம் நகருது. வைரஸா இருக்குமோ?"

"வைரஸ்னா கம்ப்யூட்டர் நின்னுபோயிடும்மா. இதுதான் ஓடுதே" என்றார் டாக்டர்.

மறுநாள் வேலூரிலிருந்து சர்வீஸ் ஆள் வந்தார். வைரஸ்தான் என்றார். வேர்டு கோப்புகளோடு ஒட்டிக்கொண்டு வரும் வகை. "பயப்படாதீங்க மேடம், இது எதையும் அழிக்காது. ஃபைலைத் திறக்கறப்ப ஒண்ணு ரெண்டு வார்த்தையை எடுத்து வேற இடத்துல வச்சிடும். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?" என்று கேட்டார் அக்கா.

வெளியிலிருந்து ஏதாவது ஃப்ளாப்பி வந்ததா என்று சர்வீஸ் ஆள் கேட்டார். டாக்டர் எங்கள் எல்லோரையும் பார்த்தார். நான் கண்ணாடித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா, "நான்தான் என் சொந்த வேலைக்கு ஒண்ணு போட்டேன் சார்" என்றார்.

அன்று முழுவதும் அவர் எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு வாரத்தில் வெளியே போன ஒவ்வொரு அறிக்கையின் நகலையும் என் கையெழுத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். ஏழு தாள்களில் சொற்கள் நகர்ந்திருந்தன. ஆறில் ஆபத்தில்லை. ஏழாவது, கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு நான்கு மாதமே ஆன பெண்ணின் சளிப் பரிசோதனை. காசநோய்க் கிருமி காணப்படவில்லை என்று நான் எழுதியிருந்தேன். காணப்பட்டது என்று தாள் போயிருந்தது.

"ஆள் அனுப்பினா ஊரெல்லாம் தெரிஞ்சிடும். லேபை மூடிட வேண்டியதுதான்" என்றார் டாக்டர். "அவங்களே திரும்ப வருவாங்க. அப்ப பாத்துக்கலாம்."

அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பின்தொடர்ந்தேன். பௌர்ணமி நாள். ஊருக்குள் பேருந்துகள் வரவில்லை. கிரிவலக் கூட்டத்துக்கு எதிராகவே நடந்து, ஊருக்கு வெளியே போட்டிருந்த தற்காலிக நிறுத்தத்துக்குப் போனோம். கிராமத்துக்கு நானும் வருகிறேன் என்றேன்.

"வேணாம். ரெண்டு பேரா போய் நின்னா பெருசா என்னமோன்னு பயந்துடுவாங்க."

"வைரஸ்னு எப்படிக்கா புரிய வைப்பீங்க?"

"வைரஸ்னு சொன்னா, லேப்காரி வந்து பொண்ணுக்கு இன்னொரு நோய் சொல்றான்னு நினைப்பாங்க, சேகர். நான் தப்பா அடிச்சிட்டேன்னு சொல்லிடறேன். அது எல்லாருக்கும் புரியும்."

பேருந்து கிளம்பும்வரை அங்கே நின்றேன். அவர் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவர் சொன்னதேயில்லை. பெண்ணை ஏற்கெனவே தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் மாமனார், மருமகளையும் அவளுடைய அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். நானே மறுபடி சளி வாங்கி, இரண்டு தகடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கிருமி இல்லை. கூடம் நிறைய ஆட்கள். மாமனார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அக்காவின் மேசைக்குப் போனார்.

"இன்னாம்மா, உன் வூட்டுப் பொண்ணா இருந்தா இப்டி அடிப்பியா?"

அக்கா எழுந்து நின்றார். "தப்புதாங்க."

"ஒரு வார்த்தைல ஒரு குடும்பத்தை அறுத்துட்ட பாத்தியா!"

"தப்புதாங்க" என்றார் மறுபடியும். அந்தப் பெண் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாள். கதவருகே கையில் தகடோடு நான் நின்றேன். மூன்று அடி முன்னால் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெண் கணவன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள், நன்றாக இருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

பழி அக்காவிடம் தங்கிவிட்டது. ‘அந்தம்மா அடிச்சதா? வேற யாராவது அடிக்கட்டும்’ என்று கவுண்டரில் கேட்க ஆரம்பித்தார்கள். டாக்டர் அவரைப் பின்னறைக்கு மாற்றினார். ஜன்னல் இல்லாத அந்த அறையில்தான் அவர் லேபைக் காவல் காக்கத் தொடங்கினார். அறிக்கைக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கவைத்தார். அதன் ஃப்ளாப்பி வாயில், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டி, யாராவது பிரித்தால் தெரியும்படி அதன்மேல் கையெழுத்துப் போட்டார். டாக்டரே கொண்டுவந்தாலும், முன்னால் இருந்த பழைய கம்ப்யூட்டரில் வைரஸ் சோதனை முடிந்த பிறகுதான் எதையும் திறப்பார். வாரம் ஒரு முறை தானே அதைப் பிரித்து எல்லாவற்றையும் நகலெடுத்துத் தன் அறைக்குக் கொண்டுபோய் வைப்பார். அச்சாகி வந்த ஒவ்வொரு தாளையும் பதிவேட்டோடு வைத்து உரக்கப் படிப்பார். கேட்பதற்கு எதிரே ஆள் இருக்காது. நடையில் போகும்போது, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் மட்டும் கேட்கும்.

சவூதி வேலை எனக்குக் கிடைத்தது. கிளம்பும் முன் பின்னறைக்குப் போனேன்.

"அந்த ஃப்ளாப்பி என்னோடதுக்கா."

"தெரியுமே. உங்கப்பா பேரு தானா நகர்ந்ததுன்னு, வைரஸ்னு தெரிஞ்ச அன்னிக்கே புரிஞ்சிடுச்சி."

"அன்னிக்குக் கேட்டப்ப ஏன் என் பேரைச் சொல்லல?"

"ஒருத்தர் பேர் கெட்டா போதாதா?" என்றார். பிறகு, "போய்ச் சேந்ததும் லெட்டர் போடுங்க" என்றார். ஏழு ஆண்டுகளில் மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் பதில் வந்தது. ஒன்றில்கூட அந்தப் பேச்சு இல்லை.

திரும்பி வந்த பிறகு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். "நீ இல்லாதப்ப ஒரு வருஷம், இன்டர்நெட் வழியா வந்த வைரஸ்ல ஊர்ல பாதிக் கடைல கம்ப்யூட்டர் படுத்துடுச்சி. நம்ம ரிப்போர்ட் மெஷின் மட்டும் ஓடிச்சி. அதை எதோடயும் சேக்க விடலியே அந்தம்மா" என்றார்.

"அவங்ககிட்ட சொன்னீங்களா சார்?"

"எங்க சொன்னேன்? தோணலப்பா" என்றார்.

அதற்குள் அக்கா வேலையை விட்டிருந்தார். அவரது அறைக்கு இரண்டு முறை போனேன். என் கைப்பேசி எண்ணை எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டு முறையும், கிளம்பும்போது கதவு வரை வந்து, "இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போலாமே" என்றார். இரண்டு முறையும் வேலை இருக்கிறது என்றேன். மூன்றாவது முறை போகவில்லை.

இறுதிச் சடங்குக்குப் பதினோரு பேர் வந்திருந்தோம். தம்பி கொள்ளிவைத்தார். திரும்பும் வழியில், போனில் பேசிய அந்தப் பெண் என் பக்கத்தில் நடந்துவந்தாள். கல்லூரியில் படிக்கிறாள்.

"அத்தை ஏதோ தப்பா அடிச்சி, ஒரு பொண்ணை வீட்டை விட்டே அனுப்பிட்டாங்களாமே? அப்பா சொல்வாரு. அதனாலதான் யாரோடயும் சேரமாட்டாங்கன்னு."

நடுச்சாலையில் நின்றுவிட்டேன். கூட வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"உங்க அத்தை ஒரு எழுத்தைக்கூடத் தப்பா அடிக்கலம்மா. வைரஸ் பண்ணது. அதைக் கொண்டுவந்தவன் நான்."

"இதை அவங்க இருக்கறப்ப வந்து எங்கப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆமாம் என்றேன்.

மங்கையர்க்கரசியை அறிந்தவர்களே, அன்று அந்தக் கூடத்தில் நின்று பார்த்தவர்களே, தப்பு அவருடையதல்ல. அவர் எழுதிய மூன்று கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. அவர் இத்தனை ஆண்டுகள் எனக்காக வைத்திருந்த பழியும், இதை எழுதிய இந்த மாதத்திலிருந்து என்னிடம்தான் இருக்கிறது.