கோயிலோடு கோபம்

குழாய் வழியே வந்த சலத்தால் பை நிரம்பியதும் தாதி அதன் அடியிலிருந்த திருகைத் திறந்து வாளிக்குள் விட்டாள். மூடினாள். பை மறுபடி நிரம்பத் தொடங்கியது.

“இன்னொரு வாளி எடுங்கோ,” என்றார் டொக்டர்.

திரைச்சீலை இடைவெளியால் சறோஜினிதேவி பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் கிடந்தவர் அவளுடைய புருஷன் குலசிங்கம். கண் மூடியிருந்தது. ஓடிக் களைத்தவர்போல மூச்சை அடியிலிருந்து இழுத்து இழுத்து விட்டார். காலையிலிருந்து குடித்த தண்ணீரும் தங்காமல் சத்தி, பிறகு விக்கல், பிறகு கூப்பிட்டால் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் அவரை வான் பிடித்து ஏற்றி இந்தத் தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். ஊதிப்போயிருந்த அடிவயிறு இப்போது அவள் பார்க்கப் பார்க்க வற்றியது. சாப்பாடு செமிக்காத வயிறு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். அவளுடைய மகன் வயதுகூட இராது.

“அம்மா, ஐயாவுக்கு எவ்வளவு காலமாய்ச் சலம் போகேல்லை?”

“போகேல்லையோ? அது நிக்கிறதே இல்லை, டொக்டர். சொட்டுச் சொட்டாய் எந்த நேரமும் போய்க்கொண்டுதான் இருக்கும். படுத்தாலும் போகும்.”

“அது நிரம்பி வழிஞ்சது. தண்ணித் தாங்கி நிரம்பினால் மேலால வழியுமெல்லோ, அப்பிடி. தாங்கி ஒருநாளும் வெறுமையாகேல்லை. சலப்பை வாசலில ஒரு சுரப்பி இருக்கு. வயசு போக ஆம்பிளையளுக்கு அது வீங்கும். வீங்கி வாசலை அடைச்சுப்போட்டுது. வெளியில போகவேண்டியது கிட்னிக்கே திரும்பி ஏறியிருக்கு. ரண்டும் பழுது.”

“சுகப்படுத்தேலாதோ?”

“வேளைக்கு வந்திருந்தால் லேசு. கொஞ்சம் மருந்து, இல்லாட்டில் ஒரு சின்ன ஒப்பரேசன். இப்ப எவ்வளவு தேறும் எண்டு சொல்லேலாது. உயிருக்கும் சொல்லேலாது.” அவர் ஒரு கணம் அவளுடைய முகத்தைப் பார்த்தார். “என்னென்ன மருந்து குடுத்தனீங்கள்? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ.”

அவள் கைப்பையின் பூட்டைத் திறந்தாள், மூடினாள்.

குலசிங்கம் இந்தத் தீவிலேயே புளியங்கூடலில் பிறந்து, மீசை அரும்ப முன்னமே தெற்கே மாமனின் கடைக்குப் போனவர். காசு மேசையில் இருப்பவன் எழும்பினால் பெட்டி போய்விடும் என்பது மாமனின் கொள்கை. சலத்துக்குப் போவதென்றால் கடை திறக்க முன்னம் ஒருதரம், மத்தியானம் ஒருதரம். மற்றப்படி அடக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு இருக்கவேணும். கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடு கப்பலேறி வந்தார். சறோஜினியைக் கட்டினார். பிறகு சண்டைக்குப் பயந்து தீவே வெளிக்கிட்டு ஓடியபோது அவரும் ஓடினார். திரும்பி வந்து பற்றை வெட்டி வெங்காயம் வைத்தார். மகன் வெளிநாட்டுக்குப் போனான். காய்ச்சல் வருத்தம் என்று ஒருநாளும் பாயில் கிடக்காத மனிசன்.

ஊர்க் கோயிலில் ஐந்தாம் திருவிழா அவர்களுடைய உபயம். இரண்டு வருசத்துக்கு முன்னம் அந்தத் திருவிழாவில், சாமி வெளிவீதி சுற்றி வருமுன்னம் குலசிங்கம் வீட்டுக்கு வந்துவிட்டார். கிணற்றடியில் வேட்டியைத் தானே துவைத்தார்.

“ஏன் வந்திட்டியள்?”

“இளையதம்பியோட கதைக்கேலாது. தர்மகர்த்தா எண்டு பேரை வைச்சுக்கொண்டு அவன் நினைச்சபடி ஆடுறான். இனி அந்த வாசலை மிதியேன்.”

அந்த ஊரில் கோயிலோடு கோபம் என்றால் அதற்குமேல் ஒருவரும் கேட்கமாட்டார்கள். வீட்டுக்கு வீடு ஒருவராவது அப்படி இருந்தார்கள். கலியாண வீட்டுக்குப் போகாவிட்டால் குறை. செத்த வீட்டுக்குப் போகாவிட்டால் பெருங்குறை. கோயிலோடு கோபம் என்று சொல்லிவிட்டால் இரண்டுக்கும் போகாமல் இருக்கலாம்: இளையதம்பி ஆட்கள் அங்கே நிற்பார்களே. குலசிங்கம் ஒன்றுக்கும் போகவில்லை. பிறகு, வெங்காயம் களவு போகிறது என்று சொல்லிப் படுக்கையையும் வெங்காயக் கொட்டிலுக்கு மாற்றினார்.

விடிய விடிய அவர் துவைத்துப் போட்ட சாரங்களைக் கொடியில் பார்த்தபோது சறோஜினிக்குப் பாதி விளங்கியது. மற்றப் பாதியை அவளே நிரப்பினாள். அடிக்கடி சலம், வாய் வறட்சி, மெலிவு. தனக்குச் சீனி வருத்தம் வந்தபோதும் இதேதான்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்குச் சீனி.”

அவர் முகம் தெளிந்ததை அவள் கண்டாள். ஊரில் அரைவாசிப் பேருக்கு இருக்கிற வருத்தம். சொல்ல வெட்கமில்லை.

“ஓம், சீனியாத்தான் இருக்கும்.”

“அப்ப கிளினிக்குக்கு வாங்கோ.”

“அங்க மர வாங்கில பகல் முழுக்கக் குந்தியிருக்க என்னால ஏலாது.”

இருந்து எழும்பினால் வாங்கில் என்ன இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கிளினிக்கில் தனக்குத் தருகிற குளிசையில் தனக்கு ஒன்றைக் குறைத்து அவருக்குக் கொடுத்தாள்.

“உம்மட சீதனத்தில மிச்சம் இருந்தது இதுதானோ?” என்று கேட்டு விழுங்கினார்.

தண்ணீரையும் குறைக்கச் சொன்னாள். குறைத்தார்.

பக்கத்து வீட்டு நல்லம்மாவிடம் சீனி பார்க்கிற மெசின் இருந்தது. மகள் கனடாவிலிருந்து அனுப்பியது. அதைக் கொண்டுவந்து விரலில் குத்திப் பார்த்தாள்.

“அக்கா, உங்கட மனிசன்ர இரத்தத்தில சீனி அளவோட நிக்குது. வாயில எண்டால் மருந்துக்கும் இல்லை.”

“அப்ப குளிசை வேலை செய்யுது,” என்றாள் சறோஜினி. சந்தோசமாயிருந்தது. கால் வீங்கத் தொடங்கியபோதும், சோறு வேண்டாம் என்றபோதும் நிறுத்தவில்லை. கடைசிக் கிழமை இரண்டாய்க் கொடுத்தாள்.

“அம்மா?” என்றார் டொக்டர்.

“என்ர சீனிக் குளிசை, தம்பி. கனநாளாய்க் குடுத்தனான். நேற்றும் குடுத்தனான்.”

அவர் ஏசவில்லை. திரும்பித் தாதியிடம் அம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னார். பிறகு மெதுவாக, “அது சலத்தோட வெளியில போற குளிசை, அம்மா. கிட்னி வேலை செய்யாட்டில் உடம்புக்கையே தங்கிப்போகும். தங்கி இரத்தத்தைப் புளிக்கப் பண்ணியிருக்கு. அதுதான் இந்த மூச்சு. யாழ்ப்பாணத்தில மெசினில போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்யவேணும். சொன்னது நல்லது. சொல்லாட்டில் தேடிக்கொண்டு நிண்டிருப்பம்,” என்றார்.

வெளியே மரத்தடியில் வான் நின்றது. வானும் இளையதம்பியுடையது, ஓட்டி வந்தவரும் அவர்தான். அவசரத்துக்கு ஊரில் வேறு வான் இருக்கவில்லை. அவளைக் கண்டதும் எழும்பி வந்தார்.

“அக்கா, இந்த நேரத்தில கேக்கக்கூடாது. அண்ணையோட நான் என்ன பிழை விட்டனான்? ரண்டு வருசமாய் யோசிச்சுப் பாக்கிறன், பிடிபடுதில்லை. அண்டைக்கு நான் அவரோட ஒரு கதையும் கதைக்கேல்லை.”

சறோஜினி அவரைப் பார்த்தாள். அன்று கிணற்றடியில் அவர் ஏன் வேட்டியைத் துவைத்தார் என்று அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது.

“என்னவோ தம்பி, எனக்கும் சொல்லேல்லை. அவருக்கு உம்மோட கோபம்தான்,” என்றாள்.

அம்புலன்ஸ் வேலணை தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல் வெளுத்துக் கிடந்தது. குலசிங்கம் கண்ணைத் திறந்தார்.

“ஆர் ஏத்தி வந்தது?”

“இளையதம்பி.”

இரண்டு மூச்சு இழுத்தார். பிறகு, “ஏன் கோபமெண்டு கேட்டவனோ?”

“கேட்டவர்.”

“என்ன சொன்னனீர்?”

“கோபமெண்டுதான் சொன்னனான்.”

“அப்பிடியே கிடக்கட்டும்,” என்றார். கண்ணை மூடினார்.

அடுத்த நாள் காலை யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் அவருடைய கழுத்தில் ஒரு குழாய் வைத்தார்கள். மெசினில் போட்டார்கள். மத்தியானம் மூச்சு ஓரளவு இறங்கியது. பேர் கேட்டதற்குச் சொன்னார். ஊர் கேட்டதற்குச் சொல்லவில்லை. பெரிய டொக்டர் வந்து பார்த்தார். இந்த முறை உயிர் தப்பலாம், கிட்னி தேறும் என்று தான் நினைக்கவில்லை, கிழமைக்கு இரண்டு தரம் மெசினுக்கு வரவேண்டியிருக்கும் என்றார். சறோஜினி ஓம் என்றாள். நல்லம்மாவுக்குப் போன் எடுத்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னாள். மகனுக்கு எடுத்தாள், அவன் வேலையில் நின்றான், பிறகு எடுப்பதாகச் சொன்னான். பின்னேரம் மாற்றுடுப்பு எடுத்துவர ஊர் பஸ்ஸில் ஏறினாள். விடியற்காலை முதல் பஸ் எத்தனைக்கு என்று கொண்டக்டரிடம் கேட்டாள். அவன் சொன்னான். பஸ் வெளிக்கிட்டது.