பொய்யான ஒரு சாட்சி வரி

எங்கள் தீவு நாட்டில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு, லம்பாசாவில் நான் டைப்பிஸ்டாக இருந்த வக்கீல் ஆபீசில் காலையிலேயே வரிசை நிற்கும். எல்லோருக்கும் வெளிநாடு போகக் காகிதம் வேண்டும். வக்கீல் நல்லவர். சிப்பாய்கள் என் தம்பியைப் பிடித்துப் போனபோது, முகாம் வரைக்கும் போய் மீட்டு வந்தவர்.

ஒருநாள் பக்கத்துப் புலிலேகாவிலிருந்து ஒரு கரும்பு விவசாயி வந்தார். ஆறு வயது மகளைக் கனடாவுக்குக் கூட்டிப்போக, தாயின் சம்மதப் பத்திரம். தாயின் கையெழுத்து ஏற்கனவே போட்டிருந்தது.

"பொஞ்சாதிக்குக் காய்ச்சல், ஐயா. வர முடியல."

வக்கீல் வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். 'என் முன்னிலையில் கையெழுத்திட்டார்' என்று நான் அடித்திருந்த வரிக்குக் கீழே முத்திரை குத்தினார். நான் மெஷினில் அடுத்த தாளைச் செருகினேன்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தாய் வந்தாள். நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனவள், திரும்பியபோது வீடு பூட்டிக் கிடந்ததாம். பத்திரத்தின் நகலைக் காட்டினேன். அழகான ஆங்கிலக் கையெழுத்து.

"எனக்கு எழுதவே தெரியாது அக்கா. கைநாட்டுதான் வைப்பேன்."

அவளுக்காக ஒரு வாத்தியார் புகார் எழுதினார். தலைநகர் சுவாவில் வக்கீல் மேல் ஒழுங்கு விசாரணை என்று கடிதம் வந்தது. எனக்கும் வக்கீலுக்கும் பேச்சு எப்போதும் ஹிந்திதான். விசாரணைக்கு முதல்நாள் சுவாவில் வக்கீல் என்னிடம் முதல்முறையாகத் தமிழில் கேட்டார்.

"அவ வந்து கையெழுத்துப் போட்டதப் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. ஒன் தம்பிக்காக நான் போகலியா?"

அன்று ராத்திரி சுவாவுக்குப் பக்கத்து லாமியில் உறவுக்காரர் வீட்டில் தங்கினேன்.

விசாரணையில் உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண் வரவில்லை, அது தெரிந்தும் நான் சும்மா இருந்தேன் என்றேன். வக்கீல் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் பெயரை வக்கீல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தத் தாயிடம் போய்ச் சொன்னேன்.

"அப்போ பாப்பா வந்துருமா அக்கா?"

இது வக்கீலுக்கான தண்டனை மட்டும்தான் என்று அவளுக்கு விளக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. கேட்டு முடித்துவிட்டுத் தலையாட்டினாள். அழவில்லை.

அடுத்த வருஷம் வக்கீல் குடும்பத்தோடு சிட்னிக்குப் போய்விட்டார். ஆபீசை மூடியதால் நான் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். அந்தத் தாய் மாதாமாதம் வருவாள். அவள் சொல்லச் சொல்லக் கனடாவுக்குக் கடிதம் எழுதுவேன். ஒரே ஒரு தடவை பதில் வந்தது. உள்ளே ஒரு போட்டோ மட்டும். தடித்த கோட்டுக்குள் சிறுமி வாயை இறுக மூடி நின்றாள்.

"பல்லு விழுந்து முளைச்சிருக்குமே," என்றாள் தாய், போட்டோவை வெளிச்சத்தில் சாய்த்து. "தெரியுதா பாருங்கக்கா."

எனக்கும் தெரியவில்லை.