மூண்டு விரல் மணம்

மண்ணுக்கடியில என்ன கிடக்கு எண்டு தெரியாமல் அதுக்கு மேல ரோசா நட்டு, கதிரை போட்டு, வெயில் காயிற சனத்துக்கு ஆறுதல் சொல்லுறதுதான் என்ர தொழில். ஒஸ்லோவில பழைய வீட்டுக்காரர் முந்தி வீடு சூடாக்க எண்ணெய் எரிச்சவை. அதுக்கு முற்றத்தில இரும்புத் தொட்டியைத் தாட்டு வைச்சவை. இப்ப எண்ணெய் எரிக்கக் கூடாது எண்டு சட்டம் வந்திட்டுது. தொட்டி மட்டும் கீழ கிடந்து கறள் பிடிச்சுக் கசியுது. கசிஞ்ச மண்ணைக் கிண்டிச் சுத்தமாக்க அரசாங்கக் காப்புறுதி நிதி ஒண்டு இருக்கு. அதை நடத்திறவள் நான். படிவம், முறைப்பாடு, "ஏன் இன்னும் ஆள் வரேல்லை" எண்ட ரெலிபோன், இதுகளோட மல்லுக்கட்டுற ஆராவது இதை வாசிச்சால், என்ர பாடு உங்களுக்குத் தனியச் சொல்லத் தேவையில்லை.

சம்பளம் தந்த மணம்

எங்கட வேலையில ஆய்வுகூடம் இரண்டாவது, மூக்குத்தான் முதலாவது. தொட்டிப் பக்கத்து மண்ணை ஒரு கை அள்ளி, பொலித்தீன் பையில போட்டுக் கட்டி, கொஞ்ச நேரம் வெயிலில வைச்சிட்டு அவிழ்த்து மணந்து பாக்கவேணும். எண்ணெய் மூக்கில அடிச்சால் கிண்டுற ஆக்களைக் கூப்பிடலாம். அறிக்கையில "மணம்" எண்டு அதுக்கொரு தனிக் கட்டமே இருக்கு.

இந்த வித்தையை எனக்குக் காட்டித் தந்தது கந்தோர் இல்லை, என்ர மனுசன். இவர் தொட்டி கழுவிற கொம்பனி ஒண்டில வேலை செய்தவர். மூடியைத் திறந்து உள்ளுக்க இறங்கி, அடியில கிடக்கிற சேத்தை வழிச்செடுக்கிற வேலை. (இவரின்ர கொம்பனிக்கும் எங்கட நிதிக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை, வீண் கதை வேண்டாம்.) பின்னேரம் ஒஸ்லோவின்ர அம்மருட் பக்கத்தில இருக்கிற எங்கட ஒன்பதாம் மாடி வீட்டுக்கு இவர் வாறதுக்கு முதல் இவரின்ர மணம் லிப்டில வந்திடும். கீழ இருக்கிற சாமான் அறையில ஓவரோலைக் கழட்டி வைச்சிட்டு வாங்கோ எண்டு இருபது வருசம் சண்டை பிடிச்சனான். சோத்தில மணக்குது, தலாணியில மணக்குது, பிள்ளையின்ர பள்ளிக்கூடப் பையிலயும் மணக்குது எண்டு சொல்லாத நாளில்லை. இவர் ஒருநாளும் கோவிச்சதில்லை. தன்ர உள்ளங்கையை ஒருக்கால் மணந்து பாத்திட்டுச் சொல்லுவார்: "உமக்குச் சம்பளம் தாறதே இந்த மணந்தானப்பா."

நாலு தரம் தோய்ச்சது

கொரோனா வந்து போகேக்கை என்ர மூக்கையும் கொண்டு போட்டுது. காய்ச்சல் அஞ்சு நாளில விட்டுது, மணம் திரும்பி வரேல்லை. கோப்பியும் சுடுதண்ணியும் எனக்கு ஒண்டுதான். கறி கருகினால் புகையைக் கண்டுதான் ஓடிப்போவன். வரும், வரும், பொறுங்கோ எண்டு டொக்டர் சொன்னார். அந்த மாரியிலதான் இவரும் போனவர். காலமை வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துப் போட எண்டு வாசலில குந்தின மனுசன் எழும்பேல்லை. மாரடைப்பு எண்டு சொன்னவை.

அந்தியேட்டிக்கு, முப்பத்தொராம் நாள் கிரியைக்கு, முதல் நாள், ஆக்கள் வரப்போகினம் எண்டு வீடு முழுக்கக் கழுவினனான். வாற சனம் எண்ணெய் நாறுது எண்டு முகம் சுழிக்கக் கூடாது எண்டு, கீழ் அறையில தொங்கின ஓவரோலையும் எடுத்து மெசினில போட்டன். எடுத்து மணந்து பாத்தன், ஒண்டும் தெரியேல்லை. உடுப்புத்தான் சுத்தமாப் போட்டுதோ, இல்லை என்ர மூக்குத்தான் அறியேல்லையோ, எனக்கு எப்பிடித் தெரியும்? திரும்பவும் போட்டன். பிறகும் போட்டன். நாலாம் தரம் மகளைக் கூப்பிட்டு, நீ மணந்து சொல்லு பிள்ளை எண்டன். பேர்கனில படிக்கிறவள், தேப்பன்ர அலுவலுக்கு வந்து நிண்டவள். கழுத்துப் பட்டியை முகத்தில வைச்சுக் கனநேரம் நிண்டாள். பிறகு சொன்னாள்: "காணும் அம்மா, நிப்பாட்டுங்கோ. இதில இப்ப அப்பா இல்லை."

துளசிக்குக் கீழ

அதுக்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு ஆசைதான். எண்ணெய் மணம் ஒருக்கால் வரவேணும். இருபது வருசம் வீட்டுக்குள்ள விடாமல் துரத்தின மணத்துக்கு ஏங்கிக்கொண்டு, நாள் முழுக்க எண்ணெய் மண்ணுக்கு மேல நிண்டு வேலை செய்தன். ஒரு சொட்டும் தெரியேல்லை. கந்தோரில சொல்லவும் வெக்கம். நிதியை நடத்திறவளுக்கு மூக்கில்லை எண்டால் ஆர் மதிப்பினம்?

இந்த நிலையிலதான் குரோருட் எண்ட இடத்தில வீடு வாங்கின தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் கூப்பிட்டவர். கொம்பியூட்டர் வேலை. முற்றத்தில ஒரு இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டு நிண்டிருக்கு. அதுதான் எண்ணெய் விடுற குழாய் எண்டு அவருக்குத் தெரியாது. பெஞ்சாதி அதுக்கு மேல பலகை வைச்சு, துளசிச் சாடி வைச்சு, கோலமும் போட்டு, கோடை முழுக்கக் காலமை காலமை சுத்திக் கும்பிட்டிருக்கிறா. சுத்திவர நட்ட செவ்வந்தி எல்லாம் கருகிப் போச்சுது. ஏதோ தெய்வக் குத்தம் எண்டு ஊருக்குப் போன் எடுத்து நேத்தியும் வைச்சிட்டினம். மழைக்குப் பிறகு எண்ணெய் மணம் கிளம்பினபடியால்தான் எங்களைக் கூப்பிட்டவை. வாஸ்து பாத்தோம், ஈசானி மூலை பாத்தோம், பூமிக்கு அடியில மட்டும் பாக்கலை மேடம் எண்டு தலையில கை வைச்சார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாயும் இருந்தது.

நான் குந்தியிருந்து மண் பையை அவிழ்த்து மூக்குக்குக் கிட்டப் பிடிச்சன். சும்மா ஒரு நடிப்பு. பிறகு, உங்களுக்கு ஏதும் மணக்குதோ தம்பி எண்டு அவரைக் கேட்டன். அவர் ரெண்டடி பின்னால போய், கைலேஞ்சியால மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பாத்தார். "என்ன மேடம், தெரு முனை வரைக்கும் அடிக்குது. உங்களுக்குத் தெரியலையா?"

இங்க்ரிட்டின்ர விரல்

அண்டைக்கே போய் இங்க்ரிட்டிட்டை உண்மையைச் சொல்லிப் போட்டன். இங்க்ரிட் என்ர கந்தோரில வேலை செய்யிற நோர்வேப் பொம்பிளை. வாய் பொல்லாதது, மனம் தங்கம். அவள் யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சாள். போற இடமெல்லாம் தானும் வருவாள். நான் மண்ணை மணக்கிற மாதிரி மணந்திட்டு அவளிட்டைப் பை குடுப்பன். அவள் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால விரல் காட்டுவாள். ஒரு விரல் எண்டால் லேசு. ரெண்டு எண்டால் கொஞ்சம் கூட. மூண்டு விரல் எண்டால் தோட்டம் முழுக்கக் கிண்டவேணும். ஆய்வுகூட முடிவு வந்து பாத்தால் அவளின்ர விரல் ஒருநாளும் பிழைச்சதில்லை.

ரெண்டு வருசம் இப்பிடி ஓடிச்சுது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திட்டுது. மூண்டு விரலைக் கண்டால் மனசுக்குள்ள ஒரு சந்தோசம். இஞ்சை இருக்கு, இந்தக் காத்தில இப்ப இவரின்ர மணம் இருக்கு, எனக்குத்தான் தெரியேல்லை எண்டு ஒரு நினைப்பு. நிண்ட இடத்திலயே கண்ணை மூடி நல்லா மூச்சை இழுப்பன். ஒருநாள் காரில ஏறின உடன இங்க்ரிட் பிடிச்சுக்கொண்டாள்: "அந்த மனுசி தன்ர தோட்டம் போச்சுதெண்டு அழுகிறா. நீ மூண்டு விரலைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாய்."

கதிரை கேட்ட ஆள்

போன இலையுதிர் காலம் இங்க்ரிட்டுக்குப் பல்லுப் பிடுங்கிற நாள். நான் தனியப் போகவேண்டி வந்திட்டுது. குரோருட்டில ஒரு பழைய மரவீடு, ஆர்னே எண்டு எண்பது தாண்டின மனுசன், தனி ஆள். நிலவறைச் சுவரால எண்ணெய் ஊறுது எண்டு அறிவிச்சிருந்தார். வீட்டை விட்டு எழுப்பிப் போடுவினமோ எண்டு அவருக்குப் பயம். கீழ இறங்கிப் பாத்தால் நிலம் கண்ணாடி மாதிரி மினுங்குது. மனுசன் மூண்டு கிழமையாப் பச்சைச் சவர்க்காரம் போட்டு முழங்காலில நிண்டு தேச்சிருக்கிறார். ஏன் இப்பிடிக் கழுவினனீங்கள், நான் என்னத்தைப் பாத்து எழுதுறது எண்டு கேட்டன். வீட்டுக்கு ஆக்கள் வருகினம் எண்டால் கழுவாமல் விடுறதோ எண்டார். நானும் அதைத்தானே செய்தனான்.

என்ன நினைச்சனோ, உள்ளதை அவரிட்டைச் சொல்லிப் போட்டன். எனக்கு மணம் தெரியாது, மூண்டு வருசமாத் தெரியாது, நீங்கள் கழுவினாலும் கழுவாட்டிலும் எனக்கு ஒண்டுதான் எண்டு. அவர், தான் கழுவாத இடம் ஒண்டு இருக்கு எண்டார். முந்தி வீடு சூடாக்கின பழைய எண்ணெய் அடுப்பு நிக்கிற சின்ன அறை; கதவு ஊதி இறுகிப் போய் அவரால திறக்கேலாதாம். ரெண்டு பேரும் சேந்து இழுத்தம்.

கதவு திறந்த உடன முதல் தொண்டை கரகரத்தது. பிறகு கண். பிறகு, ஐயோ, மூக்கு. லேசாத்தான், ஒரு விரல் அளவுதான், ஆனால் அதுதான். லிப்ட் வந்தது, தலாணி வந்தது, இவரின்ர உள்ளங்கை வந்தது. வாசலில சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு நிக்கிறார், நான் அங்கையே கழட்டுங்கோ எண்டு கத்திறன். நான் அழுதனான். அந்த வயசாளி ஜன்னலைத் திறந்து விட்டிட்டு, மேல போவம் வாங்கோ எண்டார். நான், இருக்க ஏதும் கிடைக்குமோ எண்டு கேட்டன். அவர் மெல்ல மெல்லப் படியேறிப் போய்க் குசினிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வைச்சிட்டுச் சொன்னார்: "முந்தி இதுக்குள்ள வந்த எல்லாரும் ஓடினவை. கதிரை கேட்டது நீங்கள் ஒரு ஆள்தான்."

அண்டைக்கு அறிக்கையில "மணம்" எண்ட கட்டத்துக்கு நேரே நான் "நல்ல மணம்" எண்டு எழுதி அனுப்பினதை, வீங்கின கன்னத்தோட வந்த இங்க்ரிட் கண்டு திருத்தினபடியால்தான் இண்டைக்கும் எனக்கு இந்த வேலை இருக்கு.