சரி, அடுத்தது

காலை 7.40க்கு ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டோம். நவம்பர் மூடுபனி. 401 நெடுஞ்சாலையில் முன்னால் போன வாகனங்களின் சிவப்பு விளக்குகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. விமானநிலையம் ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். டாக்சி என்றால் எண்பது டொலருக்குக் குறையாது என்று சொல்லி, நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் சிறி தன் காரிலேயே கூட்டிப்போனார். எனக்கு வாஷிங்டன் விமானம். முன் இருக்கையில் இருந்த அவருடைய சின்னம்மா பரமேஸ்வரி அன்ரிக்கு ஒஹாயோவிலுள்ள கொலம்பஸ் விமானம்.

காரில் இருந்தவர்கள் மூவர். பேசியவர்கள் நால்வர்.

நான்காவது குரல் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. வயதான, நிதானமான ஆண் குரல்.

"அமெரிக்காவின் சட்டங்களை ஆக்குவது யார்?"

சிறிய இடைவெளி.

"ஜனாதிபதி," என்றார் அன்ரி.

"சரி. அடுத்தது. ஒரு சட்டமூலத்தை மறுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு?"

"ஜனாதிபதி."

"சரி. அடுத்தது. அரசின் ஒரு பகுதியிடம் அதிகாரம் முழுவதும் குவியாமல் தடுப்பது எது?"

அன்ரி யோசித்தார். "கடவுள் எண்டுதான் சொல்லவேணும்."

"சரி. அடுத்தது."

"சின்னம்மா, கடவுளுக்கு அமெரிக்காவில வோட்டு இல்லை," என்றார் சிறி.

"நீ றோட்டைப் பாத்துக் காரை ஓடு. சித்தப்பா சரி எண்டிட்டார்."

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்த சிறி விளக்கினார். குரல் அன்ரியின் கணவரான சித்தப்பாவினுடையது. போன நவம்பரில் காலமானவர். முதலில் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தது அவர்தான். பிறகு மனைவிக்காகக் கேள்விகளைத் தமிழில் தன் போனில் பதிந்து வைத்தார். வயதையும் அங்கே வாழ்ந்த வருடங்களையும் கணக்கிலெடுத்து, அன்ரிக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துத் தமிழிலேயே வாயால் பதில் சொல்ல அனுமதி கிடைத்திருந்தது. சொந்தமும் ஐயரும் ரொறன்ரோவில் இருப்பதால், முதல் வருட நினைவான ஆட்டைத் திவசத்தை இங்கே முடித்துவிட்டுத் திரும்புகிறார். நாளை மறுநாள் நேர்முகம்.

"இது இரண்டாம் தரம் தம்பி," என்றார் அன்ரி. "முதல் தரம் பெயில். மொழிபெயர்த்த பெடியன் பிழையாச் சொல்லிப்போட்டான். இந்தமுறையும் விட்டால் எல்லாம் முதலிலயிருந்து. அந்தப் பாஸ்போட் இருந்தால் வருசா வருசம் திவசத்துக்குப் பயமில்லாமல் வந்து போகலாம். இப்ப ஒவ்வொருக்காவும் எல்லையில அவங்கள் என்னத்தைக் கேப்பாங்களோ தெரியேல்லை."

பெடியன் பிழை விட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒலிபெருக்கியில் குரல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

9.15. சிறி எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அமெரிக்காவுக்குப் போகும் பயணிகள் அமெரிக்க எல்லையை ரொறன்ரோவிலேயே கடக்கிறார்கள். பயணப்பைகளைச் சோதித்த பிறகு ஒரு கதவு. அதற்கப்பால் அமெரிக்கக் கொடி, அமெரிக்கச் சீருடை. ஆனால் கால் நிற்பது கனடா மண்ணில். செல்லுபடியாவது கனடாவின் சட்டம். கதவுக்கு முன்னால் வரிசையாக நாற்காலிகள். அவ்வளவு பேர் இருந்தும் சத்தமில்லை. எல்லோரும் மனதுக்குள் தங்கள் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல உதடுகள் மட்டும் அசைந்தன.

மூன்றேகால் டொலர் கோப்பியை அன்ரியிடம் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அன்ரி, சட்டம் ஆக்கிறது ஜனாதிபதி இல்லை. காங்கிரஸ்."

"ஆர் சொன்னது? எங்கட நாட்டில அவசரகாலச் சட்டம் போட்டது ஆர்? விடிய எழும்பினால் ஜனாதிபதி ஒண்டு போட்டிருப்பார். அதுக்குள்ளதானே சீவிச்சனாங்கள்."

"அங்க மூண்டாப் பிரிச்சிருக்கினம். காங்கிரஸ் ஆக்கும். ஜனாதிபதி மறுக்கலாம். மூண்டில ரெண்டு பங்கு வாக்கெடுத்துக் காங்கிரஸ் அவரை மீறலாம். நீதிமன்றம் ரெண்டு பேரையும் மறிக்கலாம். ஒருத்தர் பிழை விட்டால் மற்றவர் பிழை எண்டு சொல்லவேணும். அதுதான் அந்தக் கடவுள் கேள்விக்கும் பதில்."

"அப்ப அவர் ஏன் சரி எண்டவர்?"

அன்ரி ஒலியைக் குறைத்து போனைக் காதில் வைத்தார். எனக்கும் கேட்டது. சட்டங்களை ஆக்குவது யார்? "காங்கிரஸ்," என்றார் அன்ரி. சரி. அடுத்தது. பின்னோக்கித் தள்ளி மறுபடியும் போட்டார். "ஜனாதிபதி." சரி. அடுத்தது. மூன்றாவது முறை வேண்டுமென்றே என் பெயரைச் சொன்னார். சரி. அடுத்தது.

குரலில் ஓர் இம்மியும் மாற்றமில்லை. அன்ரி கோப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"ஒரு வருசமா இவரோட கதைக்கிறன் எண்டெல்லோ நினைச்சன்," என்றார்.

பிறகு போனை அணைத்துக் கைப்பைக்குள் வைத்தார். "நீர் கேளும் தம்பி. பிழையெண்டால் பிழை எண்டு சொல்லவேணும். முகம் பாக்கக்கூடாது."

கதவைத் தாண்டி வரிசையில் நின்றபோதும் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டே போனேன். ஆறு பிழை. ஆறு தரமும் "பிழை" என்றேன். ஒவ்வொரு தரமும் தலையாட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி எங்களை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் பேச்சில் அவருக்கு விளங்கிய ஒரே சொல் 'காங்கிரஸ்' ஆகத்தான் இருந்திருக்கும். அன்ரியின் நிரந்தர வதிவிட அட்டையைத் திருப்பிப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார், முத்திரை ஏதுமில்லாமல் கையால் போகச் சொன்னார். அன்ரியின் விமான வாசல் இடப்பக்கம், என்னுடையது வலப்பக்கம். ஜன்னலுக்கு வெளியே விமானங்களின் வால்கள் மட்டும் பனிக்கு மேலே நின்றன.

மூன்றாம் நாள் வாஷிங்டனில் நடந்துகொண்டிருந்தேன். காங்கிரஸ் கட்டடத்துக்கு எதிரே, தெருவின் மறுபக்கத்தில் உச்ச நீதிமன்றம். ஜனாதிபதி மாளிகைக்கு அங்கிருந்து இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நடக்கவேண்டும். எங்கள் நாட்டில் இந்த மூன்றுக்கும் இடையே இத்தனை தூரத்தை நான் உணர்ந்ததில்லை. பாதி வழியில் போன் அடித்தது.

"பாஸ் தம்பி! சட்டம் ஆக்கிறது ஆர் எண்டு கேட்டவங்கள். மொழிபெயர்க்கிற பெடியனைப் பாத்து, பிழையில்லாமல் வடிவாச் சொல்லும் அப்பன், காங்கிரஸ் எண்டன்."

வாழ்த்துச் சொன்னேன். அவருக்குப் பின்னால், அறைக்குள், அதே நிதானமான குரல் ஏதோ கேட்டது.

"அன்ரி, உது இன்னும் ஓடுதே?"

"ஓம், அவரின்ர போனில. வீடு வெறிச்செண்டு கிடக்கு, ஓடட்டும். ஆனால் நான் இப்ப பதில் சொல்லுறேல்லை."

சித்தப்பா மனைவிக்கென்று விட்ட இடைவெளி முடிந்தது.

"சரி," என்றது குரல். "அடுத்தது."